செத் என்றால் ஏழு

போன மாதம் என் மேசைக்கு ஒரு துண்டறிக்கை வந்தது. வழவழப்பான தாள், நாலு மடிப்பு. பெரிய தொகைகளை விமானத்தில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று ஒரு கம்பெனி சொல்லிக்கொண்டது. எஃகுப் பெட்டி, பெட்டி எங்கே போகிறது என்று செல்போனில் காட்டும் கருவி, கேமரா, காப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பெட்டியைச் சுற்றி மொத்தம் ஆறு படம் போட்டவர்கள் கூடப் போகிற ஆளுக்கு ஒரு படம்கூடப் போடவில்லை. பெட்டி தானே நடந்து போய் விமானத்தில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, ஐதராபாத்தில் தானே இறங்கிக்கொள்ளும் போலிருக்கிறது. அதைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பக்கத்து மேசைப் பெண் பயந்துவிட்டாள். "என்னாக்கா, அந்த நோட்டீஸ் உங்கள என்னா பண்ணுச்சு?" என்றாள்.

அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. இப்போது நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பார்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் ஏறக்குறைய நாலு வருடம் லாஸ்பேட்டை விமான நிலையத்தில், ஒரு விமானக் கம்பெனியின் சரக்கு கவுண்டரில் இருந்தேன். காண்ட்ராக்ட் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் சம்பளம் தொடரும். ஒரு நாளைக்கு ஐதராபாத்திலிருந்து ஒரு விசிறி விமானம் வந்து திரும்பும். அந்தச் சின்ன விமானத்தில்தான் மாதத்தில் மூன்று, நாலு முறை பணப்பெட்டிகள் போகும். வங்கிப் பணத்தை ஏற்றிப்போகிற ஒரு கம்பெனியின் சார்பில் அவற்றோடு போகிற ஆள் அவர்.

அவருக்குப் பெயர் உண்டு, நான் சொல்லப்போவதில்லை. அவர் பெயர் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுபட்டாகிவிட்டது.

பணம் விமானத்தில் போகிறது என்றால் சினிமாவில் வருகிற மாதிரி எதையாவது நினைத்துக்கொள்வீர்கள். நடப்பது இவ்வளவுதான். வங்கியிலிருந்து கம்பிவலை போட்ட வேன் வரும். அதில் துப்பாக்கியோடு இரண்டு பேர் இருப்பார்கள். துப்பாக்கி விமான நிலைய கேட்டைத் தாண்டி வரக்கூடாது. அதனால் அந்த இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிடுவார்கள். கேட்டுக்கு உள்ளே பெட்டிகள், அவர், அவருடைய பேனா. அந்தப் பேனாவையும் நூல் கட்டிச் சட்டைப் பொத்தானோடு முடிந்து வைத்திருப்பார். கோடிக்கணக்கில் இருக்கும் என்று ஊகிக்கத்தக்க பணத்துக்கு, கேட்டிலிருந்து ஐதராபாத்வரை அந்த ஒல்லி மனிதர்தான் காவல். கம்பெனிப் பெயர் போட்ட சட்டை போடக்கூடாது என்பது விதி. இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டையில் பாலிசி பிடிக்க வந்த ஏஜெண்ட் மாதிரி இருப்பார்.

உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கொண்டுபோகிறவருக்கு அதைச் சொல்லக்கூடாது. அவருக்குத் தெரிந்தது எடையும், சீல் எண்ணும் மட்டும். சீல் என்பது பெட்டி வாயில் மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. ஒருமுறை இழுத்து இறுக்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதில் ஆறு இலக்க எண் அச்சடித்திருக்கும். அந்த எண்ணை நான் ஏர்வே பில் என்கிற சரக்குச் சீட்டில் எழுத வேண்டும். அந்தப் பக்கம் இறங்கும்போது பில்லில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் பெட்டியை யாரும் தொடவில்லை என்று பொருள்.

இதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அவர் பெட்டியைப் பார்த்து எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வார், நான் எழுதுவேன். பிறகு நான் பில்லைப் பார்த்து வாசிப்பேன், அவர் பெட்டியைப் பார்ப்பார். "என் கண்ணு பெட்டி மேல. உங்க கண்ணு பேப்பர் மேல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கக் கூடாது, மதாம்" என்பார். மேடம் அவர் வாயில் மதாம், சார் என்பது முசியே. சரியாக இருந்தால் "போன்", அதாவது 'நல்லது', என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். திருப்பி வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். ஒரே ஒரு பெட்டியானாலும், மழையானாலும், என் மேலாளர் வந்து தலையிலடித்துக்கொண்டாலும் மாட்டார்.

எண்ணை அவர் பிரெஞ்சில் சொல்வார்.

முதல் நாள் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "என்னா சார் வெளையாட்டு?" என்றேன். அவர் சிரிக்காமல், "லோடர் பசங்க காதுல விழக்கூடாது இல்ல, அதுக்குத்தான்" என்றார். அது பொய் என்று பின்னால் தெரிந்தது. அவருடைய அப்பா மில் தொழிலாளி. யாரோ யோசனை சொல்லி மகனை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார். பிரம்படியோடு இறங்கிய எண்கள். "கணக்கு மட்டும் உள்ள பிரெஞ்சுலதான் ஓடுது மதாம். கோவம் தமிழ்ல வரும். இங்கிலீஷ் நமக்கு வாடகை வீடு மாதிரி, ஆணி அடிக்கப் பயமா இருக்கும்" என்று ஒருநாள் சொன்னார். தமிழில் எண்ணச் சொன்னால் இலக்கம் இடம் மாறிவிடும் என்று அவருக்குப் பயம். சரி போகட்டும் என்று நான் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை கற்றுக்கொண்டேன். அன், தெ, த்ருவா, காத்ர், சேங்க், சீஸ், செத், உய்த், நெஃப். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தும் அதுவரை எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, தெருப் பலகைகளோடு சரி.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அவர் வாயிலிருந்து வரும் 'செத்' என் காதுக்குள் நுழையும்போது சில நேரம் 'எட்டு' ஆகிவிடும். செத் என்றால் ஏழு. விமானத்தின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் முன்னால் இருக்கும் எழுத்து காற்றில் போய்விடும், வால் மட்டும் வந்து சேரும். இரண்டு முறை ஏழுக்குப் பதில் எட்டு எழுதியிருக்கிறேன். இரண்டு முறையும் திருப்பி வாசிக்கும்போது அவர் பிடித்துவிட்டார். "உங்க காதுல ஒரு எட்டு குடியிருக்குது மதாம். காலி பண்ணச் சொல்லுங்க" என்று கேலி செய்தார். நான் பில்லைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. திருப்பி வாசிப்பது அதற்காகத்தானே இருந்தது.

பணம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பார்சலுக்கு பிரெஞ்சில் என்னவோ சொல்வார்களே, அதை 'கோலி' என்பார். "இன்னிக்கி ரெண்டு கோலி." லோடர் செல்வராசு இதைப் பிடித்துக்கொண்டான். வேன் தெரிந்தவுடன், "கோலி வெளையாட வந்துட்டாருப்பா" என்று தள்ளுவண்டியை எடுப்பான். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெட்டி ஏறியபின்தான் அவர் ஏறுவார். சரக்குக் கதவு விமானத்தின் மூக்குப் பக்கம், பயணிகள் படிக்கட்டு வால் பக்கம். அவர் நடுவில் வெயிலில் நின்று கதவு மூடும்வரை பார்த்துவிட்டு, கடைசி ஆளாக ஓடி ஏறுவார். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக மறுபடி ஒரு பார்வை.

ஒருநாள் இப்படித்தான் நின்றவர் கையைத் தூக்கிவிட்டார். மூன்று பெட்டி வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் உள்ளே போயிருக்கிறது. மூன்றாவதைச் செல்வராசு தார்ப்பாயோடு சேர்த்து வேறு வண்டியில் விட்டுவிட்டான். வேண்டுமென்று இல்லை, அவசரம். வண்டி கொட்டகைக்குள் போய் நின்றுவிட்டது. விமானத்தில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். அவருடைய உதவியாளர் படிக்கட்டில் இறங்கி வந்து கத்தினார்.

"யோவ், யாருய்யா நீ? உனக்காக பிளேன் நிக்குதா?"

"எனக்காக இல்ல முசியே. கோலிக்காக."

"கோலியா? என்னா கிண்டலா?"

"கோலி ஏறாம நான் ஏற மாட்டேன். நான் ஏறாம கோலி போவாது. நீங்க உள்ள போயி உக்காருங்க, வெயிலு."

பெட்டி கிடைத்தது, ஏறியது, விமானம் கொஞ்சம் தாமதமாகப் போனது. அவர் மட்டும் பேசாமல் ஏறிப் போயிருந்தால் ஒரு வங்கியின் பெட்டி லாஸ்பேட்டையில் திறந்த கொட்டகையில் பொழுது சாயும்வரை கிடந்திருக்கும். அதற்காக அவருடைய கம்பெனி மாலை போட்டுப் பாராட்டியது என்றா நினைக்கிறீர்கள்? விமானத்தைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தது. நல்ல இங்கிலீஷில் இருந்தது. என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். வாசிக்க வாசிக்க எனக்குக் காது சூடானது. அவர் அதை நாலாக மடித்து தோல்பைக்குள் வைத்துக்கொண்டு, "எழுத்துப் பிழை இருக்குதா பாத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப படிச்சவங்கதான்" என்றார்.

இன்னொன்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் ஆறும். ஐதராபாத்துக்கு விமானத்தில் போகிறவர் எப்படித் திரும்பி வருவார்? நானும் விமானத்தில்தான் வருவார் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பாதம் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. என்ன என்று கேட்டேன்.

"பஸ்சுல காலத் தொங்கப்போட்டு வந்தது. ஒண்ணுமில்ல, நாளைக்கி வடிஞ்சிரும்."

"பஸ்சுலயா? ஐதராபாத்லேருந்தா?"

"போறப்ப பெட்டிக்குத் துணையா ஆளு வேணும், டிக்கெட்டு குடுக்குறாங்க. வர்றப்ப பெட்டி இல்ல. எனக்கு எதுக்கு பிளேனு?"

இதை அவர் ஒரு நியாயமான விஷயம் மாதிரி சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெட்டிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்றேன், உண்டு என்றார். உங்களுக்கு என்றேன், பெட்டியோடு இருக்கும்போது உண்டு என்றார். அதாவது பெட்டியை இறக்கிவைத்துக் கையெழுத்து வாங்கிய நிமிடத்திலிருந்து அவர் மதிப்பில்லாத சாமான். பத்தொன்பது வருடம் இப்படிப் போய் வந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, எழுத்துதான் பெரிதாகும். என் நோட்டுகளைப் பார்த்தே நான் எந்த நாளில் யாரோடு சண்டை போட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாளின் பில்லில் ஒரு எட்டு மற்ற எண்களைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று விமானம் தாமதமாக வந்தது. வந்ததும் திரும்பிவிட வேண்டும், வடக்கே மழை கட்டிக்கொண்டிருந்தது. விசிறியை நிறுத்தவே இல்லை. மேலாளர் வாக்கி-டாக்கியில் என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார். தூறல் விழ ஆரம்பித்தது. மூன்று பெட்டி. முதல் இரண்டுக்கும் சொல்லி, எழுதி, திருப்பி வாசித்தாகிவிட்டது. மூன்றாவது பெட்டிக்கு அவர் குனிந்து, மூக்குக் கண்ணாடியில் விழுந்த நீரைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். காத்ர். அன். செத். ஸேரோ. த்ருவா. நெஃப்.

நான் எழுதினேன்.

"வாசிங்க மதாம்."

"எழுதிட்டேன் முசியே."

"தெரியும். வாசிங்க."

வாக்கி-டாக்கியில் என் பெயர் மறுபடி வந்தது. "மூணு வருசமா எழுதுறேன். எத்தன வாட்டி திருப்பிச் சொல்றது? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதா? கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க" என்றேன். குரல் உயரவில்லை. அதுதான் என் வழக்கம் என்று சொன்னேனே.

அவர் என்னைப் பார்த்தார். அவருடைய விதிப்படி என்னைப் பார்க்கக்கூடாத நேரம் அது. பொத்தானில் தொங்கிய பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் 'போன்' சொல்லவில்லை என்பது, விமானம் ஓடி மேலே ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையே மேலாளருக்குத் தகவல் வந்தது. ஐதராபாத்தில் ஒரு பெட்டியின் சீல் எண் பொருந்தவில்லை. பெட்டியில் ஏழு, பில்லில் எட்டு. மேலாளர் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என் காதில் குடியிருந்த எட்டு.

அங்கே அவரை ஒரு அறையில் உட்கார வைத்து, செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள்வரை வெளியே விடவில்லை. பெட்டியை கேமரா முன்னால் திறந்தார்கள். உள்ளே இருந்தது உள்ளபடி இருந்தது. எடையில் இம்மி குறையவில்லை. சீல் அறுபடவில்லை. பெட்டி ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதானே? அவ்வளவு இல்லையாம். பெட்டி சரியாக இருந்தாலும் காகிதம் தப்பாக இருந்தால் பெட்டியும் தப்புதானாம். விசாரணை.

சென்னையிலிருந்து அவருடைய கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் சரக்கு அறையிலேயே நாற்காலி போட்டு விசாரித்தார். அதிகாரி உட்கார்ந்திருக்க, அவரும் நானும் நின்றோம். அதற்கு முன்பே என் மேலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நீ பாட்டுக்கு எதையாச்சும் சொல்லி நம்ம கம்பெனிய இழுத்து வுட்டுராத. இந்த மாசந்தான் உன் காண்ட்ராக்ட்டு வருது" என்று சொல்லியிருந்தார்.

அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "மேடம், இவர் சொன்னதைத்தானே எழுதுனீங்க?"

"அவர் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

காதில் விழுந்ததைத்தான் எழுதினேன், அந்த மட்டில் பொய் இல்லை. ஆனால் திருப்பி வாசிக்கச் சொன்னாரா என்று அதிகாரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பில் மேசைமேல் இருந்தது. அந்தப் பெரிய எட்டு எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. மூன்று வருடமாக என் எழுத்தைப் பார்க்கிற ஆள். அவர் விரலை வைத்து, 'இந்த எழுத்தப் பாருங்க சார், இந்தம்மா அன்னிக்கி கோவத்துல இருந்தாங்க' என்று சொல்லியிருக்கலாம்.

அவர் சொன்னது இது. "நான் பிரெஞ்சுல சொன்னேன் சார். ஏழ செத்துன்னு சொன்னேன். அவங்களுக்கு எட்டுன்னு விழுந்திருக்கும். எஞ்சினு சத்தம்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரெஞ்சுலயா? கம்பெனி லாங்குவேஜ் இங்கிலீஷ். யாரைக் கேட்டு பிரெஞ்சுல சொன்னீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"எத்தனை வருஷமா?"

"பத்தொம்போது."

"பத்தொன்பது வருஷமா அன்-ஆத்தரைஸ்டு லாங்குவேஜ்ல சீல் நம்பர் சொல்லியிருக்கீங்க" என்று அதிகாரி சொல்லிக்கொண்டே எழுதினார். திருடனைப் பிடித்த திருப்தி முகத்தில். பத்தொன்பது வருடத்தில் ஒரு பெட்டிகூடத் தவறவில்லையே, அது எந்த மொழியில் தவறாமல் இருந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அனுமதியில்லாத மொழியில் முத்திரை எண் கூறிய காரணத்துக்காக அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். நான் இதை மிகைப்படுத்தவில்லை. உத்தரவை என் கண்ணால் படித்தேன், அவர்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்க வந்தது வேறு.

"வேல போனா போவுது மதாம். கோலி சரியா போயி சேந்துச்சுன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. உங்க கம்பெனியோ அவங்க கம்பெனியோ, யாராச்சும். எங்க தெருவுல நான் பெட்டியில கைய வெச்சுட்டேன்னு பேசுறாங்க. எம் பொண்டாட்டி மாவு மிசினுக்குப் போறத நிறுத்திட்டா."

ஒரு வரி. சீல் அறுபடாமல் பெட்டி வந்தது என்று ஒரு வரி. உண்மையும் அதுதான். அந்த ஒரு வரியை எழுத அத்தனை பெரிய கம்பெனியில் ஒரு கை இல்லை. என் மேலாளரிடம் கேட்டேன். "நமக்கு எதுக்கும்மா வம்பு?" என்றார். அவருடைய கம்பெனிக்குப் போன் செய்தேன், எண் ஒன்றை அழுத்து, எண் இரண்டை அழுத்து என்று ஒரு பெண்குரல் என்னைச் சுற்றிச் சுற்றி வர வைத்தது.

பிறகு நானே எழுதினேன். திருப்பி வாசிக்கச் சொன்னார், நான்தான் மறுத்தேன், பிழை என்னுடையது என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதைச் சொல்லும்போது என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடிதத்தை என் காண்ட்ராக்ட் புதுப்பித்துக் கைக்கு வந்த மறுநாள்தான் எழுதினேன். அதுவரை மூன்று வாரம் பேனா கையில் இருந்தது, எழுதவில்லை. வந்த பதிலும் ஒரு வரிதான். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது.

எந்த வேலைக்காக வாயை மூடிக்கொண்டேனோ அந்த வேலை பத்து மாதத்தில் போனது. விமானக் கம்பெனி இந்த ஊர் கட்டுபடியாகவில்லை என்று கவுண்டரை மூடிக்கொண்டு போய்விட்டது. மேலாளர் மாற்றலில் போனார். செல்வராசு ஆட்டோ ஓட்டுகிறான். அந்தச் சென்னை அதிகாரிக்கு நிச்சயம் பதவி உயர்வு கிடைத்திருக்கும், அவர் முகம் அப்படிப்பட்ட முகம். இப்போது சீல் எண்ணை ஸ்கேன் செய்கிற இயந்திரம் வந்துவிட்டதாம், அதற்குத்தான் துண்டறிக்கையில் ஆறாவது படம். அந்த இயந்திரத்திடம் யாரும் எந்த மொழி என்று கேட்கப்போவதில்லை.

அவரை அதற்குப் பிறகு ஒருமுறைதான் பார்த்தேன். துண்டறிக்கையைக் கிழித்த அதே வாரம், கடலூர் போக வேண்டி இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற வண்டி ஸ்டாண்டில் ஸ்கூட்டரை விடப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே டோக்கன் கொடுக்கிற ஸ்டூலில் அவர் இருந்தார். அதே வெளிர்நீலச் சட்டை, இஸ்திரி போட்டது. பொத்தானில் நூல், நூலில் பேனா. பெட்டிகளோடு ஆகாயத்தில் போய் வந்த மனிதர் ஸ்கூட்டர்களுக்கு அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன் நின்றான். அவர் அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, "அன், த்ருவா, சீஸ். திருப்பிச் சொல்லு தம்பி" என்றார்.

தினமும் வருகிற பையன் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே, "அன், த்ருவா, சீஸ்" என்றான்.

"போன்" என்று அட்டையைக் கொடுத்தார்.

அடுத்து நான். ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். எழுந்து நிற்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். உண்மையில் அவர் திட்ட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. கத்தினால் பதிலுக்கு நானும் கம்பெனிகளையும் அதிகாரிகளையும் சேர்த்துக் கத்திவிட்டு, மனம் லேசாகி பஸ் ஏறிவிடலாம். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வரிசையில் அடுத்த அட்டையை எடுத்துக் குனிந்து பார்த்தார். ஒன்று, மூன்று, ஏழு என்று எனக்கே தெரிந்தது.

"ஒண்ணு" என்றார். "மூணு. ஏழு."

தமிழில் சொன்னார். மூன்று வருடத்தில் அவர் ஓர் எண்ணைத் தமிழில் இலக்கம் இலக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் வண்டிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். நான் அட்டைக்குக் கை நீட்டினேன். அவர் விடவில்லை. அட்டையின் ஒரு முனை என் விரலிலும் மறுமுனை அவர் விரலிலும் இருந்தது.

"வாசிங்க மதாம்" என்றார்.

ஹாரன் மறுபடி கேட்டது. அவர் அவசரப்படவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை, அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு, மூணு, ஏழு" என்று வாசித்தேன்.

அவர் அட்டையை விட்டார்.